றொஷேல் அண்ணி உடைப்பித்த குசினித் தட்டு

என் அண்ணனின் மனைவி றொஷேல், குடியிருந்த எந்த வாடகை வீட்டுச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை. திருஇருதயப் படம் அலுமாரிக்கு மேலே சுவரில் சாய்ந்தபடி நிற்கும். கலண்டர் கதிரை முதுகில் தொங்கும். ஆணி அடித்தால் சாந்து உதிரும், உதிர்ந்தால் வீட்டுக்காரர் முகம் மாறும், முகம் மாறினால் திரும்பவும் சாமான் கட்டவேண்டிவரும். ஒரு சின்ன ஆணியிலிருந்து லொறியில் ஏற்றிய கட்டில்வரை அண்ணியின் மனம் ஒரே மூச்சில் ஓடிவிடும்.

பள்ளிமுனையில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் கூடாரத்திலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் சொந்தக்காரரின் விறாந்தைகளிலுமாக வளர்ந்தவர். யாரும் வந்து எழும்பச் சொல்லாத ஒரு இடத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதையும் அவர் வாயால் நான் கேட்டதில்லை. நண்டிலிருந்து சதை பிரித்தெடுக்கும் கொட்டில் ஒன்றில் வேலை செய்கிறார். விரல் நுனிகள் எப்போதும் வெளிறி ஊறியிருக்கும். அண்ணன் றொசாந்தன் வள்ளத்தில் மீனுக்குப் போகிறவர். அவர்களுடைய சின்ன மகளும், போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்யும் நானும் அந்த வீட்டில் மிச்ச ஆட்கள்.

வீடு அபூசாலி நானாவுடையது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டுப் புத்தளம் போன குடும்பம். சண்டை முடிந்ததும் வந்து, இடிந்து கிடந்த வளவில் திரும்பக் கட்டினார். ஆனால் அதற்குள் கடையும் பிள்ளைகளும் புத்தளத்தில் வேரோடிவிட்டதால் வாடகைக்கு விட்டார். தெருவில் எங்களைத் தவிர எல்லாமே முஸ்லிம் வீடுகள். வீட்டுத் திறப்பைத் தந்த அன்று நானா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. படலைவரை போய்த் திரும்பி நின்று, எங்களைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்டே ஒண்டுதான் தங்கச்சி. குறை நினைக்கக் கூடாது. பண்டி இறைச்சி மட்டும் இந்தக் குசினிக்குள்ள வேண்டாம். என்ட மனிசி றம்லா வந்தா இதுக்குள்ளதான் சமைப்பா."

"ஐயோ நானா, வாசலுக்கே கொண்டு வரமாட்டம்."

கட்டளையாகச் சொல்லியிருந்தால்கூட அது அண்ணிக்குள் அவ்வளவு ஆழமாகப் போயிருக்காது. அதைக் கேட்பதற்கு அந்த மனிதர் பட்ட கூச்சம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. சொந்த வீட்டில் ஒரு ஆள் இப்படிக் கெஞ்சவேண்டுமா என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குசினியின் தட்டு, அடுப்பு வைத்து மீன் மரக்கறி வெட்டும் நீளமான மேடை, சுவரோடு சேர்த்து வார்த்த கொங்கிறீட். மேலே கறுப்புச் சாயம் கலந்த சீமெந்து பூசி மினுக்கியிருந்தது. எங்களுக்கு முந்தி இருந்தவர்கள் அதில் தேங்காய் உடைத்திருக்கிறார்கள், கருவாடு கொத்தியிருக்கிறார்கள். உப்பும் புளியும் மினுக்கத்தைத் தின்று, நடுப்பகுதி அம்மை வந்த முகம்போலக் குழி குழியாகியிருந்தது. மீன் செதில் குழிக்குள் போய் இருந்துவிட்டால் ஊக்கால் கிண்டித்தான் எடுக்கவேண்டும். அண்ணி ஒருநாள் முழுவதும் யோசித்துவிட்டு நானாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். மேசனைப் பிடித்துச் செய்விக்கச் சொல்லி நானா உடனேயே சம்மதித்தார். மேசன் அருட்பிரகாசம் அண்ணை வந்து தட்டிப் பார்த்து, அடித்தட்டு நல்ல உறுதி, மேலே ஒரு பூச்சுப் போட்டு மினுக்கினால் போதும், மழை விடட்டும் என்று போய்விட்டார்.

மழை விடவில்லை. மார்கழி மாதம் ஒழுங்கைகளில் கணுக்கால் தண்ணீர். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் பின்னேரம் அண்ணியும் நானும் ஒரே நேரத்தில் வேலையால் வந்தோம். குசினிக்குள் அண்ணனும் அவருடைய கூட்டாளி நிறோஜனும் நின்றார்கள். தட்டின் மேல் ஒரு முழுத்தொடை. முசலிப் பக்கத்துக் காட்டில் அகப்பட்ட பன்றி. அண்ணன் கத்தியால் கொத்திக்கொண்டிருந்தார்.

அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் இப்பிடி முழிக்கிறாய்? உன்ட அம்மா வீட்டுக்குத்தான் கொண்டுபோறம்," என்றார் அண்ணன். "பள்ளிமுனையில வளவு முழுக்க வெள்ளம். எங்க வச்சு வெட்டுறது? வெட்டிப்போட்டுக் கழுவிவிடுறன்."

"நானாவுக்கு வாக்குக் குடுத்தனாங்கள்."

"அவர் சமைக்கவேண்டாமெண்டுதானே சொன்னவர். நாங்கள் சமைக்கேல்லையே."

நிறோஜன் சிரித்தான். "அதோட இது காட்டுப் பண்டி அக்கா. மரவள்ளிக் கிழங்கு மட்டும் திண்டு வளந்தது. எங்களைவிடச் சுத்தம்."

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. இறைச்சியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் வெளியேறினார்கள். அண்ணி படலையைக் கொழுவினார். யன்னலைச் சாத்தினார். பிறகுதான் தட்டின் பக்கம் திரும்பினார்.

இரத்தம் வழித்துவிடப் போய்விட்டது. கொழுப்புத்தான் போகவில்லை. குழிகளுக்குள் இறங்கி, வெள்ளை வெள்ளையாக உறைந்து, கறுப்புத் தட்டில் நூறு சின்னக் கண்கள் திறந்ததுபோல் இருந்தது. கொதிநீர் ஊற்றினார். சவர்க்காரத் தூள், புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தார். ஊக்கால் ஒவ்வொரு குழியாகக் கிண்டினார். விரலை மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டி, "மணக்குதா தம்பி, உண்மையைச் சொல்லு," என்று கேட்டார். எனக்கு நண்டு மணம்தான் வந்தது. இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

நத்தார் பூசைக்கு அண்ணி கோயிலுக்கு வந்தார், பாடல் பாடவில்லை. பள்ளிமுனையில் தன் அம்மா வீட்டில் அந்தக் கறியைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் தட்டுக்குப் பத்திரிகை விரித்து, நிலத்தில் அடுப்பை வைத்துச் சமைத்தார். வழக்கமான பயமென்றால் நாலு நாளில் தணியும் என்று நானும் அண்ணனும் இருந்தோம்.

தணிவதற்குள் அபூசாலி நானாவின் ஃபோன் வந்தது. அண்ணியின் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, வாற வெள்ளி நானும் றம்லாவும் வாறம். லீவுதானே. அவ ஒரு பிடி பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, தன்ட குசினியில தன்ட கையால சமைச்சு உங்கள் எல்லாருக்கும் சாப்பாடு தரவேணுமாம். நீங்கள் ஒண்டும் செய்யப்படாது. சம்மதமா?"

"வாங்கோ நானா," என்றார் அண்ணி. அந்தச் சொல் வேறு யாருடைய தொண்டையிலிருந்தோ வந்ததுபோல இருந்தது.

அன்று சாப்பிட ஒருவரும் உட்காரவில்லை. அண்ணன்கூட விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டார்.

"சொல்லாமல் விட்டா, அந்த மனிசி இதில இறைச்சியை வெட்டி, சோத்தை வடிச்சு, தானும் திண்டு புருசனுக்கும் குடுப்பா," என்றார் அண்ணி. "அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

"அப்ப சொல்லு."

"சொன்னா எழும்பச் சொல்லுவினம். அதுகூடப் பரவாயில்லை. தெருவுக்குத் தெரிஞ்சா? அவன்ட வீட்டில இருந்துகொண்டு வேணுமெண்டு செய்தவை எண்டு ஒராள் சொன்னாக் காணும். பிறகு உங்கட கூட்டாளிமார் நாலுபேர் வருவினம், அங்கால பத்துப்பேர் வருவினம். பிள்ளை இந்தத் தெருவாலதான் பள்ளிக்கூடம் போறாள்."

அண்ணி பத்திரிகை விரித்த தட்டைப் பார்த்தார். சுவரில் ஆணி அடிக்காத அந்த மனுஷி பிறகு சொன்னார்:

"உடைப்பம். புதுசா வார்ப்பம். கல்லே இல்லாட்டி ஒண்டுமில்லை."

அடுத்த நாள் மேசன் அருட்பிரகாசம் அண்ணை சுத்தியலோடு வந்து, தட்டைத் தடவிவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"பிள்ளை, பொத்தான் போனதுக்கு ஆரும் சட்டையை எரிக்கிறதா? ஒரு பூச்சுப் போதும் எண்டனானெல்லோ."

"இல்லை அண்ணை. அடியோட எடுக்கவேணும்."

"நானாட்டக் கேட்டதோ?"

"ஓம்," என்றார் அண்ணி. பொய் சொன்னதும் கழுத்துச் சங்கிலியின் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் அடி விழுந்ததும் காகங்கள் எழும்பின. ஒவ்வொரு அடிக்கும் வீடு முழுவதும் ஒருமுறை பல்லைக் கடித்தது. அலுமாரிக்கு மேல் திருஇருதயப் படம் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வர, நான் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலைகள் தெரிந்தன. "என்ன றொஷேல், வீட்டையே இடிக்கிறீங்களா?" என்று யாரோ கேட்க, அண்ணி வெளியே போய்ச் சிரித்தார். சிரித்த வாயோடு உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கினார்.

மத்தியானத்துக்குள் தட்டு துண்டு துண்டாகப் படலையடியில் குவிந்தது. மேசன் பலகை அடித்து, கம்பி கட்டி, புதுத்தட்டை வார்த்தார். வெடிக்காமல் இறுகுவதற்கு மேலே சாக்கு விரித்து நனைத்தபடி இருக்கவேண்டும் என்றார். உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டுபோய் ஆள் நடமாட்டமில்லாத கரையில் கொட்ட நான் ஒரு லாண்ட் மாஸ்டர் வண்டி பேசியிருந்தேன். மழையால் அது நாளைக்குத்தான் வருமென்றார்கள். ஒரு இரவுதானே என்று, குவியலுக்கு மேல் பழைய தறப்பாளை இழுத்து மூடி, நாலு பக்கமும் கல் வைத்தார் அண்ணி.

மறுநாள் நாங்கள் வேலையால் திரும்பும்போது தறப்பாள் மடித்து மதிலில் கிடந்தது. குவியல் இல்லை. அருட்பிரகாசம் அண்ணை சாந்துச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"லாண்ட் மாஸ்டர் வந்ததா அண்ணை?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஏன் காசைக் குடுக்கிறியள்? சபூர்தீன் நானா ஆக்களோட வந்து கேட்டவர். பள்ளிவாசல் பாதை முழுக்கச் சேறாம், தொழ வாறவை வழுக்கி விழுகினமாம். அள்ளிக்கொண்டு போங்கோ எண்டன். உங்களுக்கும் ஒரு புண்ணியம்தானே."

அண்ணியின் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.

பள்ளிவாசல் தெருவின் முடிவில். வாசலிலிருந்து கால் கழுவும் இடம்வரை பாதையை நிரப்பியிருந்தார்கள். நல்ல நேர்த்தியாக, கறுப்புப் பக்கம் மேலே பார்க்கப் பதித்திருந்தார்கள். மழையில் அவை மினுங்கின. கால் கழுவி முடித்த பெரியவர் ஒருவர் வெறுங்காலோடு ஒவ்வொரு கல்லாக மிதித்து உள்ளே போனார். பின்னால் இரண்டு பையன்கள் கல்லுக்குக் கல் துள்ளி ஓடினார்கள்.

நான்கு சுவருக்குள் இருந்த ஒன்றை மறைக்கப் போய், அதை எடுத்துத் தெருவின் காலடியில் விரித்துவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அண்ணி குனிந்து ஒரு கல்லைப் பெயர்த்தார். பிறகு இன்னொன்று. சேலைத் தலைப்பில் போட்டார். என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"என்ன தங்கச்சி," என்று சபூர்தீன் நானா சிரித்துக்கொண்டே வந்தார். பள்ளிவாசல் வேலைகளைப் பார்ப்பவர், பெரிய குரல். "குடுத்ததைத் திருப்பி எடுக்கிறீங்களா? நாளைக்குப் பாதையையும் சுருட்டிக்கொண்டு போவீங்க போல!"

நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரிக்கப் பார்த்தார். "அடுப்புக்கு முட்டுக் குடுக்க ரெண்டு கல்லு..." என்று சொல்லி, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி திரும்பி நடந்தார். சிரிப்பு எங்கள் முதுகில் வந்துகொண்டிருந்தது. அது வேறு சத்தமாக மாற எவ்வளவு நேரம் எடுக்கும் என்றே நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அண்ணனிடம் சொன்னோம். அவர் முகம் வெளுத்தது. "ஒருத்தரும் வாய் திறக்கவேண்டாம்," என்றார். "கல்லுக்கு நாவில்லை."

"எனக்கு இருக்கு," என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள். அபூசாலி நானா படலைக்கு வெளியிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார்.

"அருமையான வேலை பாத்திருக்கிறீங்க தங்கச்சி! பூசச் சொன்னா புதுசாவே வாத்திட்டீங்களாம். அது போக, என்ட குசினிக் கல்லைப் பள்ளிக்குக் குடுத்திருக்கிறீங்க. இப்பதான் பாத்துக்கொண்டு வாறன். எனக்கே இந்த யோசினை வந்திருக்காது!"

அண்ணன் நிலத்தைப் பார்த்தார். றம்லா ராத்தா கையில் அரிசிப் பையோடு நேரே குசினிக்குள் போனார். ஈரச்சாக்கு மூடிய தட்டைக் கண்டு, "இண்டைக்குச் சமைக்கேலாது போலயே," என்று வருத்தமாகச் சிரித்தார். அண்ணி பின்னால் போய்க் கதவை அரைவாசி சாத்தினார். நான் வெளிப் படியில் நின்றேன். உள்ளே பேசியது கேட்டது.

"ராத்தா, இந்தத் தட்டு பழுதெண்டு உடைக்கேல்லை."

அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். தொடையிலிருந்து தொடங்கி, ஊக்கு, பொய், பள்ளிவாசல் பாதைவரை. நடுவில் அழவில்லை. சொல்லி முடித்த பிறகு சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"ஆருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் ராத்தா.

"எங்களுக்கும் இப்ப உங்களுக்கும்."

"அல்லாஹ்வே." பிறகு, குரல் இறங்கி: "உடைச்சிருக்கத் தேவையில்லை தங்கச்சி. மண்ணுக் கலந்து ஒருக்கா, தண்ணியால மிச்சம், ஏழுதரம் கழுவினா எங்களுக்குச் சரி. ஒரு ஃபோன் எடுத்திருக்கலாமே."

"பயத்தில ராத்தா."

றம்லா ராத்தா வெளியே வந்து கணவரை வளவின் மூலைக்குக் கூட்டிப்போனார். நானாவின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த முதுகு மெல்லக் கூனியது. அண்ணன் என் கையைப் பிடித்தார். சின்ன வயதுக்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

நானா திரும்பி வந்தார். கோபமான முகம் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"தள்ளுவண்டில் இருக்கா?" என்றார் அண்ணனிடம்.

நாங்கள் மூன்று பேரும் போனோம். ஜும்ஆத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் கல்லைத் தானே பெயர்த்தார். எதிர்பார்த்ததுபோல சபூர்தீன் நானா வந்தார்.

"என்ன அபூசாலி, நல்லாப் பதிச்ச பாதையைக் கிண்டுறாய்?"

"கம்பித் துண்டு நீட்டிக்கொண்டு நிக்குது. நீ பாக்கேல்லையா? சின்னப் பிள்ளையள் ஓடுற இடம். காலில ஏறினா ஆர் பதில் சொல்லுறது? பின்னேரம் நான் ஒரு லோட் கிறவல் மண் பறிப்பிக்கிறன்."

"உன்ட வாடகைக்காரியும் வந்து பொறுக்கினா."

"அவதான் முதல்ல கண்டவ. உங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டிருக்கிறா."

சபூர்தீன் நானா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னில் அவர் கண் கொஞ்சநேரம் கூடுதலாக நின்றது. நான் கல்லை விட வேறெதையும் பார்க்கவில்லை. "கிறவலெண்டாச் சந்தோசம்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிவாசலின் முன்னால் நின்று எங்களுக்காகப் பொய் சொன்ன அந்த மனிதர் குனிந்து அடுத்த கல்லைப் பெயர்த்தார். மழை மறுபடியும் கொட்டத் தொடங்கியதும் அவர் முகத்தை மேலே தூக்கி, "மிச்சத்தைக் கழுவட்டும்," என்று மட்டும் முணுமுணுத்தார்.

அண்ணன் வண்டிலைக் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். நானாவும் நானும் நனைந்தபடி வீட்டுக்கு வந்தோம். அண்ணி விறாந்தைத் தூணோடு நின்றிருந்தார். கட்டிலில் இரண்டு பைகளில் உடுப்பு அடுக்கியிருந்தது. அதை எப்போது செய்தாரோ.

"நாங்கள் எப்ப எழும்பவேணும் நானா?"

நானா கதிரையில் உட்கார்ந்து, கால் சேற்றை வழித்தார்.

"எழும்பினா, ஏன் எழும்பினவை எண்டு தெரு கேக்கும். நான் என்ன சொல்லுறது? ஒரு பொய் இண்டைக்குச் சொல்லிட்டன். இன்னொண்டு என்னால ஏலாது."

அண்ணி பைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும்தான் பயம் எண்டு நினைக்கிறீங்களா தங்கச்சி? நான் இந்த ஊரால ஒரு பையோட போனவன். ஒரு கதை எங்க தொடங்கி எங்க போய் நிக்குமெண்டு எனக்குத் தெரியும். இருங்கோ. ஒண்டும் நடக்காத மாதிரி இருங்கோ. நானும் அப்பிடித்தான் இருக்கப்போறன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. மழைச் சத்தத்துக்குள் மூன்று பேரும் ஒழுங்கையைப் பார்த்தோம். யாரோ குடையோடு கடந்துபோக, மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிக்கொண்டோம்.

குசினிக்குள்ளிருந்து றம்லா ராத்தாவின் குரல் வந்தது.

"தங்கச்சி, சாக்கு காயத் தொடங்கிட்டுது. தண்ணி ஊத்த ஆளில்லையா? வெடிச்சா திரும்பவும் உடைக்கவேணும்."

அண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.